ரோகினிக்கு ஒரு பட்டறைக்கல்

எதிர்வீட்டு ரோகினி பழைய இரும்பு பொறுக்குகிறாள் என்ற செய்தியை எங்கள் தாமானில், அதாவது இந்த வீடமைப்புப் பகுதியில், முதலில் சொன்னவள் நான்தான். யாரும் நம்பவில்லை. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு செனவாங் தொழிற்சாலைக்குப் போய்வந்த பெண், லாரிக்கு அடியில் கிடக்கும் ஸ்பிரிங் பட்டையை ஏன் பொறுக்கப் போகிறாள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மறுநாள் அவள் கணவன் சசிதரனின் பள்ளி வேன் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு சந்துக்குள் வந்தது. பிள்ளைகள் உட்காரும் இடத்தில் துருப்பிடித்த பட்டைகள். அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடமே வந்து விவரம் கேட்டார்கள்.

விவரம் இதுதான். ரோகினி வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டுத் தெற்கே ஜொகூர் மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உருக்கைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதம் ஏற்றும் பிரிவில் அவள் கெட்டிக்காரி; அதனால், வருகிற மாதம் முதல் தேதி ஜொகூரில் வந்து சேர்ந்துகொள் என்று சொல்லியிருக்கிறார்கள். சசிதரனின் வேனுக்கு இங்கேதான் ஓட்டம். மகள் ஷாமினி இந்த வருஷம் ஐந்தாம் படிவத் தேர்வு எழுதுகிறாள். ஆக, ஜொகூர் என்றால் ரோகினி மட்டும் அங்கே ஒரு வாடகை அறையில், அப்பனும் மகளும் இங்கே. சசிதரன் வைத்த ரசத்தை நான் ஒரு தடவை குடித்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், இது சின்னப் பிரச்சினை இல்லை.

ரோகினி போக விரும்பவில்லை. அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் விசித்திரம்.

லிங்கி முச்சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் புவனேஸ்வரன் புலம்பிக்கொண்டிருந்தார். செம்பனைக் குலை வெட்டுவதற்கு ஆள் வைத்துக் குத்தகை எடுக்கிறவர் அவர். நீளக் கழியின் நுனியில் கட்டி வெட்டும் வளைந்த கத்தியைத்தான் இங்கே சாபிட் என்போம். கடையில் வாங்கும் சாபிட் மத்தியானத்துக்குள் மழுங்கிவிடுகிறது, ஆட்கள் வெட்டும் நேரத்தைவிடத் தீட்டும் நேரம்தான் அதிகம் என்று அவர் சொல்ல, ரொட்டி வாங்க வந்த ரோகினி நின்றுவிட்டாள்.

"அண்ணே, இரும்புல குத்தம் இல்ல. பதத்துலதான் குத்தம். நான் செஞ்சு தரட்டுமா?"

கடையே திரும்பிப் பார்த்தது. நானும்தான்.

"நீயா? சாபிட்டா?" புவனேஸ்வரன் சிரித்ததில் மேசையில் தேத்தண்ணி சிந்தியது. "செய்யி, பாப்போம். என் ஆளு காலையில புடிச்சா சாயந்தரம் வரைக்கும் தீட்டாம வெட்டணும். மாசக் கடைசிக்குள்ள கொண்டா. வெட்டிட்டா இனிமே எல்லா சாபிட்டும் உங்கிட்டதான் எடுப்பேன். போதுமா?"

"போதும்ணே."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எங்கள் சந்தில் தூக்கம் இருக்காது என்று.

அதன்பிறகு அவள் போகாத பழைய இரும்புக் கடை இல்லை. லாபுவில் உடைந்த சைக்கிள் குவியலுக்கு அடியிலிருந்து நீளக் கைப்பிடி வைத்த குறடு ஒன்றை இழுத்து எடுத்தாள். லாரி பிரேக் டிரம் ஒன்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து உலையாக்கினாள். இறைச்சியைக் கம்பியில் குத்திக் கரியில் வாட்டும் சாத்தே கடைக்காரரிடம் கரி. கோரேங் பீசாங், அதுதான் வாழைப்பழப் பஜ்ஜி, பொரிக்கிற மோகனாவிடம் பழைய எண்ணெய், கத்தியை முக்குவதற்கு. காற்று ஊத ஷாமினியின் ஹேர் டிரையர். அது முதல் நாளே புகைந்து உயிரை விட்டது. பிள்ளை அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு சி ரூசா கடற்கரையில் இடித்துக்கொண்டிருந்த ஒரு மீன் சாப்பாட்டுக் கடையிலிருந்து, அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறி வந்தது. கைப்பிடி இல்லாத சம்மட்டிகளுக்கு சசிதரன் ரப்பர் மரக் கட்டையில் பிடி போட்டுக் கொடுத்தார். ரசத்தைவிட அது நன்றாகவே வந்தது.

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர.

புல்டோசர் தகடு ஒன்றைச் சிமெண்டுக் கட்டி மேல் வைத்துத்தான் முதல் சாபிட்டை அடித்தாள். சொத், சொத் என்று ஈரத்துணி துவைக்கிற சத்தம். தகடு துள்ளியது, கட்டி பிளந்தது, சாபிட் முறுக்கிக்கொண்டது. வேலிக்கு மேலே அதைத் தூக்கிக் காட்டினாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"ஒட்டடை அடிக்கலாம்," என்றேன்.

அவளும் சிரித்தாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். "கொல்லுப்பட்டறையில ஒரு பெரிய இரும்புக் கட்டி இருக்கும்லக்கா? மேல தட்டையா, ஒரு பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு? அதான் பட்டறைக்கல்லு. நாம போடுற அடிய அது திருப்பிக் குடுக்கும். இந்தத் தகடு வாங்கி முழுங்குது. அந்தக் கொம்பு இல்லாம வளைவும் சரியா வராது. அது மட்டும் கெடைச்சா போதும், ஜொகூர்காரனுக்கு அன்னைக்கே டாட்டா."

புதிது வாங்கலாமே என்றேன். அவள் போனில் விலையைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

லிங்கி இரும்புக் கடைத் தாவ்கேயிடம் கேட்கப் போனபோது நானும் வேனில் ஏறிக்கொண்டேன். துணைக்குத்தான். சீன முதலாளியைத்தான் தாவ்கே என்போம்; இவர் எங்களோடு தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார்.

"பட்டறைக்கல்லா? தாடா லா, அமோய். இல்லம்மா," என்று கையை விரித்தார். "எல்லாம் உருக்க அனுப்பியாச்சு. ஒங்க தோட்டத்துலயே ஒண்ணு இருந்துச்சு, தெரியுமா? ரப்பர் ஆலைக்குப் பின்னால கொல்லுப்பட்டறை. ஆலைய ஒடைச்சு லாரியில ஏத்துனது நான்தான். ஆணிகூட விடல. ஆனா அந்தக் கல்லு மட்டும் கெடைக்கல. யாரோ அடிச்சிட்டான்."

"யாரு அடிச்சிருப்பா?" என்று ரோகினி என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கம் காணாமல்போகும் பொருளெல்லாம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இது எனக்கே தெரியாமல் நடந்த திருட்டு. வீடு திரும்பும்வரை எனக்கு அந்த அவமானம் தாங்கவில்லை.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜொகூர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன்செய்து, வருகிறாயா இல்லையா என்று கேட்டாளாம். அந்த வெள்ளிக்கிழமை, "முனியாண்டிகிட்டயாவது கேட்டுப் பாக்குறேன்," என்று ரோகினி கோயிலுக்குக் கிளம்பினாள். நானும் போனேன்.

எங்கள் முனியாண்டி கோயில் பழைய ஆலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே துத்தநாகக் கூரை போட்டு நிற்கிறது. சாமிக்கு முன்னால் அவருடைய குதிரை. இந்தக் குதிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் குதிரை என்றால் சிமெண்டில் ஆளுயரத்துக்குக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் குதிரை முழங்கால் உயரம்தான். காது இல்லை, வால் இல்லை, கால் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. மூக்கு மட்டும் கூராக நீண்டிருக்கும். இரண்டு வெள்ளிக் கண்கள் ஒட்டி, முதுகில் சிவப்புப் பட்டுத் துணியைச் சுற்றி, சந்தனம் மேல் சந்தனமாக அப்பி வைத்திருக்கிறார்கள். பூசாரி இராஜமாணிக்கம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய காலத்தில் லாலாங் புல்லுக்குள் அது கிடந்ததைப் பார்த்துக் கும்பிட்டாராம். அந்த வாரமே அவருக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்தது. மூன்றாம் பரிசுதான் என்றாலும் பரிசு பரிசுதானே. அந்தக் காசில் வந்ததுதான் கூரை. அது என்னவென்று தெரிந்த பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர் அப்போது இருந்திருப்பார்கள். ஆனால் நாலு நம்பர் அடித்த பிறகு எவன் வாயைத் திறப்பான்?

பூசைக்கு முன்னால் குதிரையை எழுப்புவது எங்கள் கோயில் வழக்கம். இராஜமாணிக்கம் சாமியின் அரிவாளை எடுத்து, அதன் முதுகுப்பக்கத்தால் குதிரையின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். குதிரை கனைக்கும். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

அன்றும் தட்டினார்.

டணீ...ங்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ரோகினியின் கை பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது. அரிவாள் அடித்த இடத்திலிருந்து தானாகத் துள்ளி மேலே எழுந்ததை அவள் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் என் காதில். "இன்னொரு தடவ தட்டச் சொல்லுங்களேன்."

"என்னா, கச்சேரியா நடக்குது? கும்புடு."

கும்பிட்டாள். கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்ததும் குதிரைக்கு முன்னால் மண்டியிட்டாள். பக்திதான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் மட்டும் அவள் கையைப் பார்த்தேன். அது பட்டுக்கு அடியில் போய்த் தட்டையான முதுகைத் தடவியது. மூக்கு நுனிவரை உருண்டது. பின்பக்கம் போய், ஊதுபத்தி சொருகும் சதுர ஓட்டையில் விரலை விட்டது.

எழுந்தபோது அவள் கண் பளபளத்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது குதிர இல்ல."

"அடிப்பாவி, மெதுவா பேசு!"

"நான் பூசாரி மாமாகிட்ட தனியா பேசிக்கிறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. தனலெட்சுமியிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் கோயில் கமிட்டியில் இருப்பவள், அவளுக்குத் தெரியாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்திருந்தால் அதற்கு அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டார்கள். திருவிழாவுக்குக்கூட அவ்வளவு பேர் வருவதில்லை. நான் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன்.

இராஜமாணிக்கம் விபூதியை இரட்டிப்பாகப் பூசிக்கொண்டு நின்றார். "என் குதிரைய இரும்புக் கடைக்கு எடுக்கப் பாக்குறியாமே?"

"இல்ல மாமா. எடுக்கவே மாட்டேன். அது இருக்குற எடத்துலயே இருக்கட்டும். உலைய நான் இங்க கொண்டாறேன். கோயில் வேல இல்லாத நேரத்துல இது மேல வெச்சு அடிச்சிக்கிறேன்."

கூட்டம் சலசலத்தது. தனலெட்சுமி எழுந்தாள். "சாமி குதிரைலா அது! என் மவன் காலேசு போனது அதுக்கு வேண்டிக்கிட்டு. அது மேல சம்மட்டியால அடிப்பியா? அதுக்கு வலிக்காது?"

"மாமா வாராவாரம் அரிவாளால அடிக்கிறாரே, அத்தை. இது வரைக்கும் வலிக்குதுன்னு சொல்லுச்சா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இராஜமாணிக்கம் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறிவிட்டது.

"நான் தட்டுறது எழுப்புறதுக்கு," என்றார். "நீ அடிக்கப்போறது காசுக்கு. அப்ப என்னா சொல்ல வர்ற? நாங்க இத்தன வருசமா வெறும் இரும்பையா கும்புட்டோம்? எங்கள மடையனுங்கன்னு சொல்றியா?"

இங்கேதான் அவள் மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆமாம் என்றால் ஊர் எதிரி. இல்லை என்றால் கல் போச்சு. ரோகினி புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"யாரு மாமா வெறும் இரும்புன்னு சொன்னது? நீங்க டிராக்டர் ஓட்டுனீங்கள்ல, ஆயுத பூசைக்கு என்னா செய்வீங்க?"

"கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெப்போம்."

"மறுநாளு?"

"மறுநாளு வேலைக்கு எடுத்துட்டுப் போவோம்."

"சாமியா கும்புட்டத ஏன் மறுநாளு சேத்துல எறக்குனீங்க?"

"அதுக்குத்தானே கும்புடுறோம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"நான் எங்க மெஷினுக்கும் அப்படித்தான் பொட்டு வெப்பேன், மறுநாளு அதே மெஷின்லதான் நிப்பேன். இதுவும் அதான் மாமா. இத்தன வருசமா நீங்க இதுக்கு ஆயுத பூசை செஞ்சிட்டு வர்றீங்க, ஒரு கொறையும் வெக்காம. மறுநாளுதான் இன்னும் வரல."

தனலெட்சுமி மெதுவாக உட்கார்ந்தாள். நான் எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டேன்.

"முதல்ல சாமி அரிவாள அடிச்சுத் தரேன்," என்றாள் ரோகினி. "இப்ப இருக்குறது துரு புடிச்சு ஆடுது. அதுக்கு அப்பறம்தான் என் வேல."

இராஜமாணிக்கம் அரிவாளைப் பார்த்தார். ஆடத்தான் செய்தது. பிறகு குதிரையைப் பார்த்தார். அது அபிப்பிராயம் ஏதும் சொல்லவில்லை.

"நான் யாரு சொல்றதுக்கு? சாமிகிட்ட பூ கேப்போம்," என்றார். "வலது பக்கம் உழுந்தா சரி. எடது பக்கம் உழுந்தா, இந்தப் பேச்சையே விட்டுறணும்."

ரோகினியின் முகம் வெளுத்தது. நியாயம் பேசி ஜெயித்தவளுக்குப் பூவோடு பேசத் தெரியாதே. இராஜமாணிக்கம் கண்ணை மூடி, ஒரு மல்லிகைப் பூவைக் குதிரையின் மூக்கில் வைத்தார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. பூ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வலது பக்கம் சறுக்கி விழுந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மழையில் மண் இளகி அந்தக் குதிரை எப்போதோ வலது பக்கம் சாய்ந்துவிட்டது. எண்ணெய் பூசிப் பூசி மூக்கு வழுவழுவென்று இருக்கிறது. கல்யாணமோ, வீடு வாங்குவதோ, எதைக் கேட்டு வைத்தாலும் பூ அங்கே இடது பக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை. தினமும் பூ வைக்கிற இராஜமாணிக்கத்துக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை.

நிபந்தனைகள் போட்டார். செருப்பு கூடாது. குளிக்காமல் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை வேலை இல்லை. வெள்ளிக் கண்ணைக் கழற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் ரோகினி தலையை ஆட்டினாள்.

மறுநாளே பிரேக் டிரம்மும் விசிறியும் கோயிலுக்குப் போயின. சந்தனத்தைச் சுரண்டச் சுரண்ட உள்ளேயிருந்து கறுப்பு இரும்பு வந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். இராஜமாணிக்கம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உலையில் பழுத்த பட்டையைக் குறடால் தூக்கி வைத்து ரோகினி முதல் அடி போட்டாள். குதிரை கனைத்தது. ஒரு தடவை கனைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் குதிரை அன்று விடாமல் கனைத்துக்கொண்டே இருந்தது. சத்தம் தாமான் வரை கேட்டதாம். பழுத்த அரிவாளை எண்ணெயில் முக்கியதும் கோயில் முழுக்கக் கோரேங் பீசாங் வாசம். முனியாண்டிக்குப் பசி எடுத்திருக்கும்.

அரிவாள் முடிந்தது. இராஜமாணிக்கம் விரலால் கூர் பார்த்து, விரலைச் சூப்பிக்கொண்டு, "பரவால்ல," என்றார். அதற்கு அடுத்ததாக சாபிட். அந்த வளைவை மூக்கின் மேல் வைத்து வெள்ளிக் கண்ணுக்குப் படாமல் தட்டித் தட்டி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், மறுபடி உலையில் வைத்தாள், மறுபடி தட்டினாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தேத்தண்ணி அங்கேயே ஆறிப்போனது. கடைசியில் சாபிட்டைத் தூக்கிப் பிடித்தபோது ஒட்டடை ஞாபகம் எனக்கு வரவில்லை.

மாதக் கடைசி நாள். புவனேஸ்வரன் ஆட்களில் கைதேர்ந்த வெட்டுக்காரன் இந்தோனேசியாவின் லோம்போக் தீவிலிருந்து வந்த ரஹ்மத். காலையில் சாபிட்டைக் கழியில் கட்டிக்கொண்டு போனான். அன்று பகல் முழுக்க ரோகினி வீட்டைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினாள். கூடத்தில் ஜொகூருக்கான பெட்டி திறந்தபடி கிடந்தது. சசிதரன் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நான் உப்பு கேட்கப் போனேன், பிறகு வாங்கிய உப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

சாயங்காலம் புவனேஸ்வரனின் லாரி வந்து நின்றது. இறங்கியவர் கையில் சாபிட் இல்லை. ரோகினியின் கையில் இருந்த விளக்குமாறு அசையவில்லை.

"ஒடைஞ்சிருச்சாண்ணே?"

"ஒடையிறதா?" புவனேஸ்வரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "காலையில இருந்து ஒரு தடவகூடத் தீட்டல. கேட்டா குடுக்க மாட்றான்மா. ரூமுல வெச்சுப் பூட்டிட்டான். மத்தவனுங்க எல்லாம் எனக்கு மட்டும் ஏன் இல்லன்னு சண்டைக்கு வர்றானுங்க. நாளைக்குக் காலையில எவன் வேலைக்கு எறங்குவான்னு எனக்கே தெரியல. எப்ப செஞ்சு தருவ?"

"வரிசையா வரும்ணே," என்றாள். அவ்வளவுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் ஷாமினி அம்மாவைக் கட்டிக்கொண்டதை நான் என் சன்னலிலிருந்து பார்த்தேன். திரை விலகியிருந்தது.

முதல் தேதி நான் கோயிலுக்குப் போனபோது உலை எரிந்துகொண்டிருந்தது. இராஜமாணிக்கம் வெளியூர்க்காரர் இருவருக்குக் குதிரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இது உழைக்கிற குதிரை, அதனால்தான் இவ்வளவு சக்தி என்று அவருக்குக் கனவிலேயே தெரிந்ததாம். ரோகினியின் போன் அடித்தது. ஜொகூர். ஒரு கையில் குறடு, அதன் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் பழுத்த பட்டை. மறு கையால் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டாள்.

"இல்லைங்க, வரல," என்றாள். "ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். வெச்சிடட்டுமா? இரும்பு ஆறுது."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் அவள் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.